பனிக்கட்டி ஊரின் கதவு எண்கள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் லோர்னா ஹாவிஸ்டோ முதல் கட்டளையைத் தட்டியபோது, டாமரக் கவுண்டி என்ற மாவட்டத்தின் அவசர அழைப்பு மையத்தில் அவளைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சிலுவை போட்டவள் க்வென் பெலாஞ்சர். இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வீடு எரிகிறது, நெஞ்சு வலிக்கிறது, காரில் மான் மோதிவிட்டது என்று அலறுகிறவர்களுக்கு முதல் குரலாக இருப்பவள். கடிகாரம் பார்த்தவர் மையத்தின் தலைவர் ரஸ் எங்கெப்ரெட். லோர்னா தோற்க வேண்டும் என்று அவர் நேர்ந்துகொள்ளவில்லை, அவ்வளவு கெட்டவர் அல்ல. ஜெயிப்பாள் என்று நம்பவும் இல்லை.

விஷயம் இதுதான். அழைப்புகளைக் கையாளும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதை மாட்டினால் தரவுத்தளத்தின் பதினான்கு இன்டெக்ஸுகளையும் புதிதாகக் கட்ட வேண்டும். தடித்த புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதுதான் இன்டெக்ஸ். அது இருந்தால் ஒரு முகவரி ஒரு நொடியில் கிடைக்கும். இல்லாவிட்டால் மென்பொருள் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே வரும், நாற்பது நொடி. மூச்சுத் திணறுகிறவனுக்கு நாற்பது நொடி என்பது ஒரு யுகம்.

மென்பொருளை விற்ற கம்பெனி, ஒரு நாள் மையத்தை மூடிவிட்டு அழைப்புகளைப் பக்கத்துக் கவுண்டிக்குத் திருப்பச் சொன்னது. ரஸ்ஸுக்கு அது பிடித்திருந்தது. திருப்பியதைத் திருப்பியபடியே விட்டு, இரண்டு மையங்களையும் ஒன்றாக்கலாம் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். பக்கத்துக் கவுண்டி மையம் தொண்ணூறு மைல் தள்ளி. அங்கே இருப்பவர்களுக்கு இந்த ஊர்ச் சாலை ஒன்றுகூடத் தெரியாது. லோர்னா கவுண்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு நிமிடம்கூட மூட வேண்டாம், ஓடுகிற வண்டியிலேயே சக்கரத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். ரஸ் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை மூன்று மணிக்குள் முடியாவிட்டால் அழைப்புகள் பக்கத்துக் கவுண்டிக்குப் போகும். போனால் திரும்பி வராது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து முறை ஒத்திகை பார்த்திருந்தாள் லோர்னா. எந்த இன்டெக்ஸ் எத்தனை நிமிடம் என்று ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். முதலாவது நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தாள், நான்கு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லி வைத்தது போல முடிந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். ஒவ்வொன்று முடியும்போதும் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள், க்வெனும் பதிலுக்குத் தன் மேசையைத் தட்டினாள். நடுவில் இரண்டு அழைப்புகள் வந்தன. புதிய மென்பொருள் நாற்பது நொடி திணறியது. க்வென் அதற்குக் காத்திருக்கவில்லை, சாலையின் பெயரைக் கேட்டதுமே மனதிலிருந்து வழி சொல்லி ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கு வானிலை அலுவலகம் ஒரு குண்டைப் போட்டது. ஞாயிறு இரவு வரும் என்றிருந்த பனிப்புயல் இன்று மாலை நான்கு மணிக்கே வருகிறதாம். பழைய மென்பொருளுக்குத் திரும்பலாம் என்றால் அதற்கு அரை நாள் பிடிக்கும். இனி முன்னால் போவது ஒன்றுதான் வழி.

பதினொன்று பத்துக்குப் பதின்மூன்று முடிந்தது. மிச்சம் பதினான்காவது, எல்லாவற்றிலும் பெரியது. முகவரிகளும் முப்பது வருட அழைப்புகளும் சேர்ந்த அட்டவணைக்கு உரியது. ஒத்திகையில் ஐம்பது நிமிடம் பிடித்தது. மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தபடி கட்டளையைத் தட்டினாள்.

பூஜ்யம் சதவீதம். ஐந்து நிமிடம் கழித்தும் பூஜ்யம். பதினைந்து நிமிடம் கழித்தும் அதே பூஜ்யம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

லோர்னா முதலில் இயந்திரத்தைச் சந்தேகித்தாள், பிறகு வன்வட்டைச் சந்தேகித்தாள், பிறகு தன் மூளையையே சந்தேகித்தாள். அரை மணி நேரம் வீணானது. அதன் பிறகுதான், வேறு யாராவது அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றியது. பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரே ஒரு இணைப்பு, வெள்ளிக்கிழமை மாலை நான்கு பன்னிரண்டிலிருந்து. பயனர் பெயர் டுவேன்.

டுவேன் பெட்ரிச் கவுண்டியில் வீடுகளுக்குக் கதவு எண் கொடுக்கிறவன். அவன் மேசை இதே கட்டடத்தில், தாழ்வாரத்தின் கோடியில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டி, கவுண்டியின் அத்தனை வீடுகளையும் பைன் சாலைக்குக் குடியேற்றியவன். பதினோரு நிமிடம் டாமரக் கவுண்டியில் ஒரே ஒரு சாலைதான் இருந்தது. அன்றைக்கு லோர்னா அவனை உட்கார வைத்து ஒரு பழக்கத்தைப் புகட்டினாள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் முதலில் 'பிகின்' என்று தட்டு. அதன் பிறகு நீ செய்வதெல்லாம் பென்சிலால் எழுதியது போல, உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நன்றாகச் சரிபார். சரியாக இருந்தால் 'கமிட்' என்று தட்டு, அப்போதுதான் அது மையால் எழுதியதாகும். டுவேன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவன் பிகின் தட்டியிருக்கிறான். வேலையைச் செய்திருக்கிறான். சரிபார்த்துவிட்டுத் தட்டலாம் என்று விட்டிருக்கிறான். வார இறுதி வந்ததும் கணினியைப் பூட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். அவன் பென்சிலைக் கீழே வைக்காதவரை லோர்னாவின் இன்டெக்ஸ் அந்த அட்டவணையில் கை வைக்காது. ஒத்திகை நடந்ததெல்லாம் நகலில். நகலில் டுவேன் இல்லை. தான் சொல்லிக் கொடுத்த பாடமே தன் கழுத்தைப் பிடிக்கிறது என்பதை நினைத்தபோது லோர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அவனைத் தூக்கிடலாம்ல?" என்றார் பின்னால் நின்ற ரஸ்.

தூக்கலாம். ஒரே வரி. அந்த இணைப்பைத் துண்டித்தால் அவன் செய்த வேலை இருந்த இடம் தெரியாமல் அழியும், இன்டெக்ஸ் கிளம்பிவிடும். லோர்னா அந்த வரியைத் தட்டிவிட்டாள். என்டர் மேல் விரலை வைத்தபோது மனது கேட்கவில்லை. என்ன வேலை செய்திருப்பான் என்று க்வெனிடம் கேட்டாள்.

"அவனா? கெட்டில் ஏரிதான். போன வாரம் பூரா பெயின்ட் டப்பாவும் கையுமா ஐஸ் மேலயே திரிஞ்சான்."

விரல் தானாக எழும்பியது. குளிர்காலத்தில் கெட்டில் ஏரி உறைந்ததும் அதன்மேல் ஒரு ஊரே முளைத்துவிடும். தொள்ளாயிரம் மரக்குடில்கள், பனியைத் தள்ளித் திறந்த தெருக்கள், கணப்படுப்பு, கட்டில், சிலதில் தொலைக்காட்சிகூட. ஜனங்கள் தரையில் ஓட்டை போட்டுத் தூண்டிலை விட்டுக்கொண்டு வாரக் கணக்கில் கிடப்பார்கள். வருடா வருடம் டுவேன் அங்கே நடந்து நடந்து ஒவ்வொரு கதவிலும் எண் எழுதி, தெருவுக்கு ஒரு பெயர் வைத்து, ஆம்புலன்ஸ் போக வழி செய்வான். மார்ச்சில் எல்லாம் உருகி ஓடிவிடும். அடுத்த வருடம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான்.

"டுவேன் குடில் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க," என்றாள் லோர்னா.

க்வென் தட்டினாள். நாற்பது நொடி ஓடியது. அப்படி ஒரு முகவரி இல்லை என்றது திரை. அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லக்கூடிய ஒரே பட்டியல் அவன் பூட்டிவிட்டுப் போன கணினிக்குள், பென்சில் எழுத்தாகக் கிடந்தது. இன்னும் நான்கு மணி நேரத்தில் புயல் வந்து அங்கிருந்து யாராவது அழைத்தால், அவர்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கும்.

"நான் தூக்க மாட்டேன்," என்றாள் லோர்னா. "அவனைத் தேடிப் பிடிக்கிறேன்."

டுவேனின் கைபேசி அணைந்திருந்தது. மணி அடித்தால் மீன் ஓடிவிடும் என்பது அவன் கட்சி. நடுவே இரண்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே க்வென் யோசித்தாள். டுவேன் மீனைப் பிடிப்பானே தவிர ஒரு முட்டையைக்கூடப் பொரிக்கத் தெரியாதவன். சனிக்கிழமை மதியம் என்ன சாப்பிடுவான்? ஏரிக்கரையில் மதுக்கடை நடத்தும் பெவ் என்பவள், பனி வண்டியில் குடில் குடிலாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பாள். க்வென் அவளைப் பிடித்தாள். பன்னிரண்டரைக்கு டுவேனுக்கு ஒரு பெரிய சாசேஜ் பீட்சா போயிருக்கிறது. நேராகப் போய் ஐஸில் விட்டிருக்கும் பெரிய விரிசலைத் தாண்டி, இடது பக்கம் மூன்றாவது தெருவில் பச்சைக் குடில், கூரையில் மூஸ் மானின் கொம்பு.

லோர்னா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தன் பிக்கப் வண்டிக்கு ஓடினாள். கணக்கு மனதில் ஓடியது. மூன்று மணிக்கு முடிய வேண்டுமானால் இரண்டு பத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த ஒற்றை வரியை மடிக்கணினியில் தட்டி, பக்கத்து இருக்கையில் திறந்தே வைத்துக்கொண்டாள். இரண்டு பத்து வரை டுவேனைத் தேடுவாள். கிடைக்காவிட்டால் என்டரைத் தட்டுவாள். அதற்குப் பிறகு அந்தத் தொள்ளாயிரம் கதவுகளைக் கடவுள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றேகாலுக்கு வண்டி ஐஸில் இறங்கியது. காற்று அதற்குள் சீறத் தொடங்கியிருந்தது. தரையோடு தரையாகப் பனிப்புழுதி ஓடியது. விரிசலைத் தாண்டினாள், இடது பக்கம் திரும்பி மூன்றாவது தெருவைப் பிடித்தாள். பச்சைக் குடில் இருந்தது. ஒன்றல்ல, ஆறு இருந்தன. கொம்பு ஒன்றிலும் இல்லை. முதல் கதவைத் தட்டினால் சீட்டாட்டக்காரர்கள், இரண்டாவதில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பாதிரியார். கதவுகளில் டுவேன் எழுதிய எண்கள் பளபளவென்று இருந்தன, அவளுக்குத்தான் அவற்றால் பயனில்லை. தெருவுக்குத் தெரு அலைந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அப்படியிருந்தும் நெஞ்சுக்குள் ஒரு வெறி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் இங்கே இப்படித்தானே அலைவான்? இதை விடக்கூடாது, விடவே கூடாது.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு க்வெனை அழைத்தாள்.

"விரிசல் எது, புதுசா பழசா?" என்று கேட்டாள் க்வென். "நேத்து ராத்திரி இன்னொண்ணு விட்டிருக்காம். மீன் பிடிக்க வந்த ஒருத்தன் காலைல கூப்பிட்டுச் சொன்னான். பெவ் கரைலருந்து பாத்துப் பெருசுன்னு சொன்னது அதைத்தான் இருக்கும். நீ பழசைத் தாண்டிட்டே. திரும்பு பொண்ணே, திரும்பு."

ரஸ்ஸை டுவேனின் மேசையில் போய் நிற்கச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே லோர்னா வண்டியை வட்டம் போட்டுத் திருப்பினாள். கரைக்குப் பக்கத்துப் புது விரிசலிலிருந்து எண்ணினால் மூன்றாவது தெரு. பச்சை. கூரையில் கொம்பு. இரண்டு மணி இரண்டு நிமிடம். கதவைத் தட்டக்கூட இல்லை, திறந்துகொண்டு உள்ளே விழுந்தாள்.

டுவேன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வாயில் பீட்சாவோடு அவளைப் பார்த்தான். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. சரியா தப்பா என்று ஒரு முறை கேட்டாள். எல்லாம் சரி, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன், தட்டத்தான் மறந்துவிட்டேன் என்றான்.

"உன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் சொல்லு. அதுலதான் கமிட் தட்டணும்."

"க்வென்கிட்ட நான் சொல்றேன், போனைக் குடு."

"க்வென் நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியாது. ரஸ் உன் மேசைல நிக்கிறாரு. அவர்தான் தட்டணும்."

டுவேன் பீட்சாவைக் கீழே வைத்தான். ஏரி முழுவதையும் ஒரு முறை பார்ப்பது போல அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தான்.

"அப்ப அழிச்சிடு. தொள்ளாயிரத்தையும் திரும்ப எழுதிக்கிறேன்."

"என்னது?"

"அழிச்சிடுன்னு சொன்னேன்ல."

லோர்னாவுக்கு வந்த கோபத்தில் அவனை அந்த ஓட்டைக்குள்ளேயே தள்ளியிருப்பாள். தள்ளவில்லை. தான் நாற்பது நிமிடம் அலைந்ததைச் சொன்னாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் புயல், இந்தக் குடில்களில் ஏதாவது ஒன்றில் யாருக்காவது ஏதாவது ஆனால் உன்னைத்தான் கேட்பேன் என்றாள். பிறகு ரஸ்ஸை அழைத்து, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மணி இரண்டு ஆறு.

டுவேன் கண்ணை மூடிக்கொண்டான். "ரஸ்," என்றான், "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. பாஸ்வேர்ட் இதுதான், எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல இடம் கிடையாது. ரஸ் அந்த மீன கடைல வாங்குனாரு."

மையத்தின் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கும். ரஸ் இரண்டு கையிலும் முப்பத்தோரு அங்குல வால்ஐ மீனை ஏந்திக்கொண்டு சிரிப்பார். அதைப் பற்றிக் கவுண்டி முழுவதும் ஒரு பேச்சு உண்டு, அவர் காதுபட யாரும் பேசியதில்லை.

பிறகு விசைகளின் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒரு எழுத்தும் தப்பாமல்.

"தெறந்துடுச்சு," என்றார் ரஸ். குரலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. "இப்ப என்ன?"

"கமிட்," என்றாள் லோர்னா. "கடைசில அரைப்புள்ளி. என்டர்."

என்டர் சத்தம் கேட்டது. லோர்னா கதவைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு ஓடி மடிக்கணினியைப் பார்த்தாள். பூஜ்யம். இன்னும் பூஜ்யம். அடுத்த கணம் ஒன்று. அப்புறம் இரண்டு. அந்த வெற்று ஐஸில் நின்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் குடிலில் இருந்த ஆள், பெரிய மீன் மாட்டியதாக நினைத்து ஓடி வந்துவிட்டான். மடிக்கணினியில் காத்திருந்த அந்த ஒற்றை வரியை எழுத்தெழுத்தாக அழித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் அழித்ததில்லை.

அவள் மையத்துக்குத் திரும்பியபோது எண்பத்தெட்டு சதவீதம். ரஸ் கைபேசியை மேசையில் வைத்திருந்தார், பக்கத்துக் கவுண்டியின் எண் திரையில் தயாராக இருந்தது. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழில் ஒரு நிமிடம் நின்றபோது க்வென் மறுபடி சிலுவை போட்டாள். மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. லோர்னா மேசையைத் தட்டினாள். க்வென் தட்டினாள். சற்றுத் தயங்கி ரஸ்ஸும் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பக்கத்துக் கவுண்டியை அழைத்து, உங்களுக்குச் சிரமம் வேண்டாம், எங்கள் அழைப்புகள் எங்களிடமே இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

புயல் சொன்னபடி நான்குக்கு வந்தது. நாலு இருபதுக்கு ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. அப்போது ஒரு பெண் அழைத்தாள். கணவர் குடிலுக்குள் மயங்கி விழுந்துவிட்டார், அடுப்புப் புகையாக இருக்கும், நான் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்று அழுதாள்.

"கதவுல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க," என்றாள் க்வென். "சிவப்பு பெயின்ட்ல."

அந்தப் பெண் பனியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பெர்ச் தெரு, இருநூற்றுப் பதினாலு. க்வென் தட்டினாள். அவள் விரலை எடுப்பதற்குள் திரையில் ஏரி விரிந்து அதன்மேல் ஒரு புள்ளி மின்னியது. மீட்புப் பனி வண்டி நேராக அங்கே போனது. ஒரு தெருகூடத் தவறவில்லை. அரை மணி நேரத்தில் வண்டியிலிருந்து செய்தி வந்தது. ஆள் கண் விழித்துவிட்டார், தன் தூண்டில் எங்கே என்று கேட்கிறார்.

லோர்னா நாற்காலியில் சாய்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று க்வெனுக்கே தெரியவில்லை.

ரஸ் சுவரில் இருந்த புகைப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் அந்த மீனைப் பார்த்தார்.

"கடைல வாங்கல," என்றார். "என் மச்சான் பிடிச்சது. டுவேன்கிட்ட சொல்லிடுங்க."

திங்கட்கிழமை அவர் அதைச் சுவரிலிருந்து கழற்றியபோது அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. க்வென் டுவேனின் கெட்டில் ஏரி வரைபடத்தைக் கொண்டுவந்து அங்கே ஒட்டினாள்.